மிச்சம் எத்தனை பாடம்? பாதியில் நின்ற பட்டத்தை முடிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

படிப்பை விட்டு வெளியேறிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மதிப்பெண் பட்டியல்களைத் தரையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பத்துப் பாடங்களாவது பாக்கி இருக்கும் என்றே அத்தனை ஆண்டுகளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தவை நான்கு தாள்களும் ஒரு புராஜெக்டும் மட்டுமே. அந்த நான்கு தாள்களுக்காக, "கல்வித் தகுதி" என்று கேட்கும் ஒவ்வொரு படிவத்தின் முன்னும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியிருக்கிறேன்.

பிறகு என்னைப் போன்ற பலரோடு பேசினேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சிக்கியிருந்தார்கள். எவ்வளவு மிச்சம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது. அதனால் இந்த வழிகாட்டி எண்ணுவதில் தொடங்குகிறது. எப்படிப் படிப்பது என்பது பின்னால் வரும்.

முதல் படி: நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

"டிகிரியை முடிக்கவில்லை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் நான்கு வேறு நிலைகள் இருக்கின்றன. படிப்புக் காலம் முழுவதும் முடிந்து சில தாள்கள் மட்டும் அரியராக நிற்பது ஒன்று. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ கல்லூரியை விட்டு வந்ததால், எழுதாத பருவங்களே முழுதாக மிஞ்சியிருப்பது இன்னொன்று. ஆய்வுப் பட்டத்தில் எல்லாம் முடிந்து ஆய்வேட்டை மட்டும் சமர்ப்பிக்காமல் விட்டது மூன்றாவது.

நான்காவது நிலையில் இருப்பவர்களுக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாது. எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருப்பார்கள். செய்முறைப் பதிவேட்டை ஒப்படைக்காமல் இருந்திருப்பார்கள். நூலக பாக்கி நின்றிருக்கும். ஒரு விருப்பப் பாடத்தின் மதிப்பெண் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போயே இருக்காது. பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க மறந்தவர்கள்கூட உண்டு. இவர்களுக்குப் படிக்க வேண்டியது எதுவும் இல்லை, அலுவலக வேலை மட்டும்தான். ஆகவே உங்கள் நிலை எதுவென்று ஊகிக்காதீர்கள். அதை ஆவணம் சொல்லட்டும்.

இரண்டாம் படி: காகிதங்களைத் திரட்டுவது

ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், அடையாள அட்டை, கட்டண ரசீதுகள், கிடைத்தால் பழைய ஹால் டிக்கெட் என எல்லாவற்றையும் ஒரே உறையில் சேருங்கள். இவற்றில் மிக முக்கியமானது உங்கள் பதிவெண். மற்றவை தொலைந்திருந்தாலும், அந்த எண்ணை வைத்துப் பல்கலைக்கழகத்தால் உங்கள் பழைய பதிவைத் தேடி எடுக்க முடியும். எண்ணும் நினைவில் இல்லையென்றால் சேர்ந்த ஆண்டு, துறை, பிறந்த தேதி ஆகிய மூன்றையும் கொண்டு தேடச் சொல்லலாம். கூடப் படித்தவர் ஒருவரின் பதிவெண் கிடைத்தாலும் உதவும்; ஒரே வகுப்பினரின் எண்கள் பெரும்பாலும் வரிசையாக இருக்கும்.

மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் நகல் வாங்கலாம். சில பல்கலைக்கழகங்கள் இதற்குக் காவல் துறைப் புகாரின் நகலையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் கேட்கும். இதற்கு வாரக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால் முதலிலேயே தொடங்கிவிடுங்கள். படித்த கல்லூரி மூடப்பட்டுவிட்டதா? கவலைப்பட வேண்டாம். பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். தேர்வுப் பதிவுகளும் அங்கேதான் இருக்கும். கல்லூரி தன் அளவில் வைத்திருந்த அக மதிப்பீடு, வருகைப் பதிவு போன்றவை எங்கே ஒப்படைக்கப்பட்டன என்று மட்டும் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பொருத்தத்தையும் இப்போதே பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அதன் விரிவு, திருமணத்துக்குப் பின் வேறொரு பெயர் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒருவருக்கு மூன்று பெயர்கள் சேர்ந்துவிடுகின்றன. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகப் பதிவில் உள்ள பெயரையே எழுத வேண்டும். மாற்ற வேண்டுமானால் தேர்வுக்கு முன்பே மாற்றுவது நல்லது. பட்டம் அச்சான பிறகு திருத்துவது பெரும் பாடு.

இதோடு இன்னொன்றையும் தேடி எடுங்கள்: நீங்கள் சேர்ந்த ஆண்டில் நடப்பில் இருந்த விதிமுறைப் புத்தகம். ரெகுலேஷன் என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். மொத்தம் எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு), எவை கட்டாயப் பாடங்கள், பட்டத்தை எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பவையெல்லாம் அதில் இருக்கும். இப்போது இணையதளத்தில் இருப்பது இன்றைய மாணவர்களுக்கானது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் இல்லாத பாடங்களையும் பாக்கியில் சேர்த்துவிடுவீர்கள்.

மூன்றாம் படி: எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

நான் முதலில் தொலைபேசியில் கேட்டேன். "உங்கள் காலம் முடிந்துவிட்டது, இனி எழுத முடியாது" என்றார் ஒருவர். வைத்துவிட்டேன். எட்டு மாதங்கள் கழித்து நேரில் போய்க் கடிதம் கொடுத்தபோது, இன்னும் இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருப்பதாக எழுத்தில் பதில் வந்தது. தொலைபேசியை எடுத்தவர் வேறு ரெகுலேஷனை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த எட்டு மாதங்களில் நடந்த ஒரு தேர்வை இழந்துவிட்டேன். வாய்மொழியாக "முடியாது" என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கோ பதிவாளருக்கோ இப்படி ஒரு கடிதம் எழுதுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், நான் இந்தப் பதிவெண்ணில், இந்த ஆண்டில், இந்தத் துறையில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். சில காரணங்களால் படிப்பை முடிக்க இயலவில்லை. இப்போது முடிக்க விரும்புகிறேன். கீழ்க்காணும் விவரங்களை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா? எந்தத் தேதி வரை? நான் தேர்ச்சி பெற வேண்டிய பாடங்கள் எவை? அவற்றில் எவையேனும் நீக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கு ஈடான பாடங்கள் எவை? எனக்குப் பொருந்தும் ரெகுலேஷன் எது? முன்பு பெற்ற அக மதிப்பெண்கள் தொடருமா? அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது?"

காரணத்தை விரித்து எழுத வேண்டியதில்லை. நோய், பணம், குடும்பம் என எதுவாக இருந்தாலும் "சில காரணங்களால்" என்பது போதும். தனி அனுமதி கேட்கும் நிலை வந்தால் மட்டும் விளக்கமும் சான்றும் தேவைப்படும். கடிதத்தைக் கொடுத்த தேதிக்கு ஓர் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரங்களில் பதில் இல்லையென்றால் அந்த ஒப்புகையோடு மறுபடியும் போங்கள்.

பதில் வந்ததும் பாக்கியிருக்கும் பாடங்களை ஒரு தாளில் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.

காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தால்

இது நடக்கும். படிப்புக் காலத்துக்கு மேல் சில ஆண்டுகள் என்று பல்கலைக்கழகங்கள் எல்லை வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினாலும் சில கதவுகள் திறந்திருக்கும்.

முதலில் சிறப்பு வாய்ப்பு. காலம் கடந்த மாணவர்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது தனித் தேர்வு அறிவிக்கும். வந்தால் சில வாரங்களே விண்ணப்பிக்க முடியும் என்பதால், மாதம் ஒரு முறையாவது அறிவிப்புப் பலகையையோ இணையதளத்தையோ பாருங்கள். இரண்டாவது, கால நீட்டிப்புக் கோரி முறையாக விண்ணப்பிப்பது. மருத்துவக் காரணம், மகப்பேறு, ராணுவப் பணி போன்றவற்றுக்குச் சான்று இருந்தால் பரிசீலிக்க இடம் உண்டு.

மூன்றாவது, பெற்ற கிரெடிட்டுகளை எடுத்துக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. ஐரோப்பிய நாடுகளில் இதற்கென்றே பொதுக் கிரெடிட் முறை இருக்கிறது. இந்தியாவில் 2021இல் வந்த கல்விசார் கிரெடிட் வங்கி விதிமுறைகளின்படி, சேமித்த கிரெடிட்டுகள் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லும். மாறுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: எத்தனை ஆண்டுகளுக்கு முந்தைய கிரெடிட் வரை ஏற்பீர்கள்? பட்டம் வழங்க உங்களிடம் குறைந்தது எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும்? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் பெரும்பாலும் சுமார் 120 கிரெடிட். அதில் 30 கிரெடிட்டாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே பல இடங்களில் உண்டு. நான்கு பாடம் பாக்கி வைத்து வந்தவர் பத்துப் பாடம் படிக்க நேரிடுவது இதனால்தான்.

நான்காவது, திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள். 1969இல் நிறுவப்பட்டு 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் படிப்பவர்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டவை. பணி அனுபவத்துக்கே மதிப்பளிக்கும் ஏற்பாடும் சில நாடுகளில் உண்டு. பிரான்சில் 2002ஆம் ஆண்டுச் சட்டம், அனுபவத்தை மதிப்பிட்டு முழுப் பட்டமும் வழங்க வழி செய்தது.

எதுவும் கைகூடவில்லையென்றால், படித்த அளவுக்கு ஒரு சான்றாவது கேளுங்கள். பிரிட்டனில் (அங்கே கிரெடிட் கணக்கு வேறு) 120 கிரெடிட் முடித்தவருக்கு உயர்கல்விச் சான்றிதழும், 240 முடித்தவருக்கு உயர்கல்வி டிப்ளமோவும் வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. கேட்டால் கிடைக்கக்கூடியதைக் கேட்காமல் விடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் களைத்துப் போனவர்களைத் தேடித்தான் ஒரு கூட்டம் வரும். "தேர்வு வேண்டாம், பழைய தேதியிட்டே பட்டம் வாங்கித் தருகிறோம்" என்பார்கள். அது போலிச் சான்றிதழ். பணம் போவதோடு நிற்காது. வேலையும் போகும், வழக்கும் வரும். நேர்மையாகப் பெற்ற பழைய மதிப்பெண்கள்மீதும் சந்தேகம் விழும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான்காம் படி: பாக்கியை மணி நேரமாக மாற்றுவது

ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்பின் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் 5 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து 125 முதல் 150 மணி நேரம். உங்கள் பல்கலைக்கழகத்தின் முறை வேறாக இருந்தாலும், ஒரு பாடத்தின் எடையை உணர இந்தக் கணக்கு போதும்.

வாரத்துக்கு எட்டு மணி நேரம் கிடைக்கும் ஒருவருக்கு அத்தகைய ஒரு பாடத்துக்கு 16 முதல் 19 வாரங்கள் ஆகும். நான்கு பாடங்களையும் ஒரே தேர்வில் எழுதி முடித்துவிடலாம் என்ற ஆசை இங்கேயே அடங்கிவிடும். முதல் வேகத்தில் நான்குக்கும் கட்டணம் கட்டி, ஒன்றுக்கும் சரியாகப் படிக்காமல், நான்கிலும் தோற்று மறுபடியும் பல ஆண்டுகள் ஒதுங்கிவிட்டவர்களை நான் அறிவேன். வேலை பார்ப்பவர் ஒரு தேர்வுக்கு இரண்டு தாள்களுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காலக்கெடு நெருங்கியிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு.

எதை முதலில் எழுதுவது? கடினமானதை முதலில் முடி என்று சொல்பவர்கள் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவருக்கு அது சரிவராது என்று நினைக்கிறேன். முதல் முறை, உறுதியாகத் தேறக்கூடிய ஒன்றையும் நடுத்தரமான ஒன்றையும் எடுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் பதிவெண்ணுக்கு நேரே "தேர்ச்சி" என்று பார்ப்பதற்கு ஒரு வலிமை இருக்கிறது. கடினமான தாளை அந்த வலிமையோடு அணுகலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: பழைய பாக்கி, தேர்வுக் கட்டணம், மறுபதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் ஆகிய நான்கையும் முன்கூட்டியே கேட்டுக் கூட்டிவிடுங்கள். பழைய பாக்கி பெரிதாக இருந்தால் தவணை கேட்கலாம். பணியிடத்தில் கல்வி உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: மறந்தவனாக இல்லாமல், திரும்பி வந்தவனாகப் படிப்பது

எல்லாம் மறந்துவிட்டது என்ற எண்ணம் முதல் வாரத்தில் வரும். எனக்கும் வந்தது, புத்தகத்தில் என் கையெழுத்தில் இருந்த குறிப்பே புரியவில்லை. ஆனால் மறந்ததை மறுபடியும் கற்பது, புதிதாகக் கற்பதைவிடக் குறைந்த நேரமே எடுக்கும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே இதை அளந்து காட்டினார். நினைவுக்கு வராத பட்டியலைக்கூட இரண்டாம் முறை கற்கும்போது அவருக்கு நேரம் மிச்சமானது. முதல் வாரத்தின் திணறலை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான்காம் வாரத்தில் பாருங்கள்.

பாக்கித் தாளை நேராகத் தொடாமல், அதற்கு அடிப்படையான முந்தைய பாடத்துக்கு இரண்டு மூன்று வாரங்கள் கொடுங்கள். எனக்கு நின்ற தாள்களில் ஒன்று புள்ளியியல். நான் உண்மையில் மறந்திருந்தது அதற்கு முந்தைய பருவத்தின் நிகழ்தகவை. அதை மறுபடி படித்த பிறகுதான் புள்ளியியல் திறந்துகொண்டது. அன்று நான் ஏன் தோற்றேன் என்பதும் பதினோரு ஆண்டுகள் கழித்து அப்போதுதான் புரிந்தது.

படித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது பயன் தரும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பழைய வினாத்தாள்களை இதற்குப் பயன்படுத்துங்கள். ஈடான பாடம் கொடுத்திருந்தால், பழைய பாடத்திட்டத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, புதிதாகச் சேர்ந்த பகுதிகளைக் கோடிடுங்கள். பழைய புத்தகத்தை மட்டும் நம்பிப் போனால், படிக்காத பகுதியிலிருந்து கேள்வி வரும்.

அடுத்து, கை. தட்டச்சுக்குப் பழகிய கை மூன்று மணி நேரம் பேனா பிடிக்காது. என் முதல் மாதிரித் தேர்வில் நாற்பதாவது நிமிடத்தில் விரல்கள் இறுகிவிட்டன. தேர்வுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே எழுதிப் பழகுங்கள்: முதலில் இருபது நிமிடம், பிறகு ஒரு மணி, கடைசி இரண்டு வாரங்களில் முழுத் தேர்வு.

ஆய்வேடு மட்டும் பாக்கி என்றால்

வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஓய்வு பெற்றிருக்கலாம். துறைத் தலைவரிடம் புதிய வழிகாட்டியைக் கேட்பதுதான் முதல் வேலை. போகும்போது வெறுங்கையோடு போகாமல், இதுவரை எழுதியது, இருக்கும் தரவுகள், மிச்சமிருக்கும் வேலை ஆகியவற்றை இரண்டு பக்கங்களில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய சி.டி.யிலும் கணினியிலும் கிடக்கும் தரவு இன்னும் திறக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, நீங்கள் விட்ட ஆண்டுக்குப் பின் அந்தத் தலைப்பில் வெளிவந்த ஆய்வுகளைப் படித்து, உங்கள் கேள்வி இன்னும் விடையில்லாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

இசைக் கலைஞர் பிரையன் மே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் விண்வெளித் தூசியைப் பற்றிய முனைவர் ஆய்வை 1974இல் விட்டுவிட்டு, குவீன் இசைக்குழுவோடு போய்விட்டார். 2006இல் மறுபடியும் பதிவுசெய்து 2007இல் பட்டம் பெற்றார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அந்தத் தலைப்பில் அதிக ஆய்வு நடக்காமல் இருந்தது அவருக்கு வசதியாக அமைந்தது. ஆனாலும் இடையில் வந்தவற்றை எல்லாம் அவர் படித்துச் சேர்க்கவே வேண்டியிருந்தது. உங்கள் துறை வேகமாக நகர்ந்திருந்தால், பழைய தரவை வைத்துக்கொண்டே கேள்வியைச் சற்று மாற்றலாமா என்று வழிகாட்டியிடம் பேசுங்கள்.

வீட்டாரிடம் சொல்வது

இதைத் தள்ளிப்போடத் தோன்றும். பலர் வீட்டிலோ பணியிடத்திலோ படிப்பு முடிந்ததாகவே சொல்லி வைத்திருப்பார்கள். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் எட்டு மணி நேரம் யாருடைய உதவியால் உங்களுக்குக் கிடைக்கப் போகிறதோ, அவரிடம் மட்டும் முழு உண்மையையும் சொல்லுங்கள். நான் என் மனைவியிடம் சொன்னபோது, அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை பாடம்?" நான்கு என்றேன். செவ்வாய், வியாழன் மாலைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

வேலைக்கான படிவத்தில் முடிக்காத பட்டத்தை முடித்ததாக எழுதியிருந்தால் அது தனிச் சிக்கல். பட்டம் கிடைக்கும்போது தேர்ச்சி ஆண்டு உண்மையான ஆண்டாகவே இருக்கும். அதற்கு முன்பே, நம்பிக்கையான ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

கடைசிப் படி: தேர்வுக்குப் பிறகு

முடிவு வந்ததும் தோல்வி என்று இருந்தால், விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் எத்தனை நாள் அவகாசம் என்று உடனே பாருங்கள். அது மிகக் குறுகியது. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் நழுவியவர்கள் கட்டாயம் நகலை வாங்கிக் கூட்டலைச் சரிபாருங்கள்.

எல்லாவற்றிலும் தேர்ச்சி என்றால் மூன்று ஆவணங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும்: ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ். பட்டம் தானாக வீடு தேடி வரும் என்று காத்திருக்காதீர்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியாதவர்கள், நேரில் வராமலே பெறும் வழிக்கு விண்ணப்பிக்கலாம். முடிந்தால் போங்கள் என்றே சொல்வேன். நான் போனேன், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய அம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே படம் எடுத்தார்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அந்த ஜன்னலை விட்டு நகராமல் பெயர், முதலெழுத்து, பதிவெண், துறை, தேர்ச்சி மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடலாம்.